ரெக்கார்டருக்குச் சிக்காத குரல்கள்... ஒரு தீவின் இலைமூக்கு வௌவால்களை எண்ணுவது எப்படி?

மாலை ஆறரை மணி. பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் இருட்டத் தொடங்கும் நேரம். காட்டுப் பாதையின் குறுக்கே இரண்டு கம்பங்களை நட்டு, நடுவில் பேட்மின்டன் வலை போன்ற ஒன்றைக் கட்டியிருப்பார்கள். நெற்றியில் டார்ச் மாட்டிய மூன்று நான்கு பேர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். டார்ச் அணைந்திருக்கும். பேச்சு இருக்காது. கொசு மட்டும் தாராளமாக இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் வலை லேசாக அதிரும். டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், வலையின் மடிப்புக்குள் உள்ளங்கை அளவு உயிர் ஒன்று படபடத்துக்கொண்டிருக்கும். பெரிய காதுகள். மூக்கின் மேல் நிமிர்ந்து நிற்கும் சின்ன இலை. அன்றைய இரவின் முதல் ‘வருகைப் பதிவு’ அதுதான்.

உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட வெப்பமண்டலக் காடுகளில் ஒன்று இது. சுமார் 15 சதுர கிலோமீட்டர்தான் தீவின் பரப்பு. அதற்குள் 70-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. இந்தியா முழுவதிலுமே சுமார் 130 இனங்கள்தான் என்று சொன்னால், இந்தக் குட்டித் தீவின் செழிப்பு புரியும். அவற்றில் பாதிக்கும் மேல் இலைமூக்கு வௌவால்கள்.

இவ்வளவு இனங்கள் இருப்பது எப்படித் தெரிந்தது? அங்கேதான் சிக்கலே.

கால்வாய் வெட்டியபோது பிறந்த தீவு

முதலில் தீவின் கதை. நூற்றிச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் பாரோ கொலராடோ தீவே கிடையாது. அது ஒரு குன்று. பனாமா கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். தண்ணீர் தேங்கி காடூன் ஏரி உருவானது. பள்ளத்தாக்கெல்லாம் மூழ்கி, குன்றுகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாக மிஞ்சின. அவற்றில் பெரியது பாரோ கொலராடோ. 1914-ல் கால்வாய் திறக்கப்பட்டது. 1923-ல் இந்தத் தீவை ஆராய்ச்சிக்கான காப்பிடமாக அறிவித்தார்கள். 1946-லிருந்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் நிர்வகித்து வருகிறது.

கப்பல் போவதற்காக வெட்டிய கால்வாய், தன்னையறியாமல் ஒரு பெரிய பரிசோதனையையும் ஆரம்பித்து வைத்தது. ஒரு காட்டை வெட்டித் துண்டாக்கித் தண்ணீருக்கு நடுவில் விட்டால், அதில் யார் தங்குவார்கள், யார் காணாமல் போவார்கள்? தீவானபின் பல பறவை இனங்கள் இங்கிருந்து மறைந்தே போயின. வௌவால்களின் கதி என்ன? இதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவற்றை எண்ண வேண்டும். இரவில் பறக்கும், இலைக்கு அடியில் தொங்கும், கண்ணுக்கே சிக்காத ஓர் உயிரை எப்படி எண்ணுவது?

மூக்கால் கத்தும் வௌவால்

வௌவால்கள் இருட்டில் குரல் எழுப்பி, அந்தக் குரல் மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும் என்பது பள்ளிப் பாடத்திலேயே படித்ததுதான். அந்தக் குரல் மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலி. அதைப் பதிவு செய்ய இன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவிகளே வந்துவிட்டன. மரத்தில் கட்டிவிட்டு வந்தால் போதும். இரவு முழுக்க விழித்திருந்து பதிவு செய்யும். காலையில் கம்ப்யூட்டரில் போட்டால், எந்தெந்த இனம் வந்து போனது என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம்.

அப்புறம் எதற்கு வலையும் கொசுக்கடியும்?

காரணம், அந்த மூக்கு இலை. பல வௌவால்கள் வாயைத் திறந்து கத்தும். இலைமூக்கு வௌவால்கள் பெரும்பாலும் மூக்கு வழியாகக் குரல் அனுப்பும். மூக்கின் மேலிருக்கும் அந்தத் தோல் மடிப்பு, டார்ச்சின் கண்ணாடி வளையம் வெளிச்சத்தைக் குவிப்பதுபோலக் குரலைக் குறுகிய கற்றையாகக் குவிக்கும். திறந்த வெளியில் பூச்சி துரத்தும் வௌவால்கள் உரக்கக் கத்தினால்தான் தூரத்து எதிரொலி கிடைக்கும். இவையோ இலைக்கும் கொடிக்கும் நடுவில், கையெட்டும் தூரத்தில் வேலை செய்பவை. அதனால் ‘குசுகுசுக்கும் வௌவால்கள்’ என்றே இவற்றுக்குப் பட்டப்பெயர்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வு, இவற்றில் இரண்டு இனங்களின் குரல் நினைத்ததைவிட வலுவானது என்று காட்டியது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை. கற்றை குறுகலானது. மைக் இருக்கும் பக்கம் வௌவால் முகத்தைத் திருப்பினால்தான் பதிவாகும். போதாததற்கு, பல இனங்களின் குரல்கள் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்திருக்கும்.

ஆக, ரெக்கார்டரை மட்டும் நம்பினால் பட்டியலில் பாதிப்பேர் விடுபட்டுப் போவார்கள். வலையை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். மரங்களுக்கு மேலே உயரத்தில் பறக்கும் பூச்சிதின்னிகள் வலைக்கு வரவே வராது. அதனால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது. உரக்கக் கத்துபவர்களுக்கு ரெக்கார்டர். குசுகுசுப்பவர்களுக்கு வலை.

ஒரு வௌவால், பத்து நிமிடம்

இந்த வலைக்கு மிஸ்ட் நெட் என்று பெயர். மூடுபனி போலக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கறுப்பு நூல். நீளம் ஆறு மீட்டர் அல்லது பன்னிரண்டு மீட்டர். உயரம் இரண்டரை மீட்டர். இழுத்துக் கட்ட மாட்டார்கள். தொய்வாக, பை பையாகத் தொங்கும்படி விடுவார்கள். மோதும் வௌவால் அந்தப் பைக்குள் பத்திரமாக விழும்.

வலையைப் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். விட்டால் நூலைக் கடித்துக்கொண்டு சிக்கிக்கொள்ளும். இல்லையென்றால் வேறு பெரிய வௌவாலுக்கே இரையாகிவிடும். மழை வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். இதில் இறங்குபவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருப்பார்கள். கையில் தடித்த கையுறை இருக்கும்.

எடுத்த வௌவாலை ஒரு துணிப்பைக்குள் போட்டு, பையோடு சேர்த்து தராசில் மாட்டுவார்கள். பிறகு முன்கையின் நீளத்தை அளப்பார்கள். இனத்தை அடையாளம் காண அதுதான் முதல் துப்பு. முகத்தில் வெள்ளைக் கோடு உண்டா, தாடையில் மரு உண்டா, பல் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சிறகை விரித்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் விரல் மூட்டுகள் தெரியும். மூட்டு இன்னும் முழுதாக எலும்பாகவில்லை என்றால் அது குட்டி. சூலியா, பால் கொடுக்கும் தாயா என்பதையும் குறித்துக்கொள்வார்கள். தாய் வௌவால் வந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. எங்கோ ஒரு மரப்பொந்தில் அதன் குட்டி காத்திருக்கும் அல்லவா?

எல்லாம் முடிய ஐந்து முதல் பத்து நிமிடம். அடையாளத்துக்கு எண் பொறித்த வளையம் போடுவதும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹேண்ட்லி குழுவினர், இப்படி ஆயிரக்கணக்கான ஜமைக்கா பழந்தின்னி வௌவால்களுக்கு எண் போட்டு விட்டார்கள். இந்தத் தீவின் அத்திமரங்களை நம்பி வாழும் இனம் அது. திரும்பத் திரும்பச் சிக்கியவற்றின் கணக்கிலிருந்துதான், ஒரு வௌவால் எத்தனை ஆண்டு வாழ்கிறது, எப்போது குட்டி போடுகிறது என்பதெல்லாம் தெரிய வந்தது.

ஒரே குடும்பம், ஆளுக்கொரு சாப்பாடு

துணிப்பைகளுக்குள் இருந்து வெளிவரும் முகங்களைப் பார்த்தால், இவர்களெல்லாம் ஒரே குடும்பமா என்று சந்தேகம் வரும்.

அத்திப்பழம் தின்பவர் ஒருவர். பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடாமல், வாயில் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் பறந்து போய்த்தான் சாப்பிடுவார். வழியெல்லாம் விதை விழும். காட்டுக்கு விதைப்பு வேலை நடந்துவிடும். பூந்தேன் குடிப்பவர் இன்னொருவர். பெரிய இலையின் நரம்பைக் கடித்து மடக்கிக் கூடாரம் போட்டுக்கொள்ளும் இனமும் உண்டு. உயிருள்ள கறையான் கூட்டையே பல்லால் குடைந்து அதற்குள் குடியிருக்கும் இனமும் உண்டு. இந்தக் குடைச்சல் வேலையை ஆண்கள்தான் செய்யும். வீடு நன்றாக இருந்தால்தான் பெண்கள் வந்து சேரும்.

இன்னொருவர் தவளை பிடிப்பவர். ஆண் துங்காரா தவளை ஜோடியைக் கூப்பிட ஒரு நீண்ட ஒலி எழுப்பும். கூடவே ‘சக், சக்’ என்று சேர்த்தால் பெண் தவளைக்கு இன்னும் பிடிக்கும். அந்த ‘சக்’ சத்தம்தான் வௌவாலுக்கும் பிடிக்கும்! காதல் பாட்டே காட்டிக்கொடுக்கும் இந்தக் கதையை, மெர்லின் டட்டில், மைக்கேல் ரையன் என்ற இரு விஞ்ஞானிகள் 1981-ல் இந்தத் தீவிலிருந்துதான் உலகுக்குச் சொன்னார்கள். சாப்பிடத் தகுந்த தவளையின் குரல் எது, விஷத் தேரையின் குரல் எது என்று இந்த வௌவால் காதாலேயே பிரித்தறியும்.

இந்தக் குடும்பத்தில் மொத்தம் 200-க்கும் மேற்பட்ட இனங்கள். ரத்தம் குடிக்கும் வௌவால்களும் இதே குடும்பம்தான். ஆனால், அவை மூன்றே மூன்று இனங்கள். அந்த மூன்றின் பெயரைத்தான் மொத்த வௌவால் குலமும் சினிமாவில் சுமந்துகொண்டிருக்கிறது.

ஏழு கிராம் காவலாளி

சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றிரண்டு இனம் பட்டியலில் விட்டுப்போனால் என்ன குடி முழுகிவிடும்?

பட்டியலில் மிகச் சிறியவர்களில் ஒருவரைப் பார்ப்போம். ‘மைக்ரோனிக்டெரிஸ் மைக்ரோடிஸ்’ என்பது அறிவியல் பெயர். எடை ஐந்து முதல் ஏழு கிராம். நம் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடைதான். இலையின் மேல் அசையாமல், சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் கும்மிருட்டில், எதிரொலியை மட்டும் வைத்துக் கண்டுபிடித்துத் தூக்கிவிடும். அது முடியவே முடியாது என்றுதான் விஞ்ஞானிகள் பல காலம் நினைத்தார்கள். இலையின் எதிரொலியில் பூச்சியின் எதிரொலி அமுங்கிவிடும் என்பது அவர்கள் வாதம்.

இந்தத் தீவில் வௌவால் ஆராய்ச்சியை வளர்த்தவர் ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகப் பேராசிரியர் எலிசபெத் கால்கோ. அவரும் இங்கா கைபல் உள்ளிட்ட அவரது குழுவினரும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். அந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அதைப் பார்க்கக் கால்கோ இல்லை. 2011-ல், 49 வயதில், டான்சானியாவில் ஆய்வுப் பணிக்குப் போன இடத்தில் அவர் இறந்துவிட்டார்.

சூட்சுமம் என்ன என்பதை கைபல் குழு 2019-ல் விளக்கியது. இரவில் அசையாத குளத்தின் மேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் அந்தப் பக்கம் தெறித்துப் போய்விடும். தண்ணீர் கறுப்பாகத் தெரியும். நடுவில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தால் அது மட்டும் பளிச்சிடும். வௌவாலும் இலையைச் சாய்வாக அணுகுகிறது. வெறும் இலை என்றால் குரல் தெறித்துப் போய்விடும். பூச்சி இருந்தால் எதிரொலி திரும்பி வரும். அவ்வளவுதான் கணக்கு.

ஓர் இரவில் தன் எடையில் பாதிக்கும் மேல் பூச்சி தின்கிறது இந்தக் குட்டி. தின்பதில் கம்பளிப்பூச்சி, வண்டு, வெட்டுக்கிளி வகைகள் நிறைய. இவற்றில் பல இலையைத் தின்பவை.

இதனால் காட்டுக்கு என்ன லாபம் என்பதையும் இதே தீவில் அளந்து பார்த்தார்கள். 2008-ல் மார்கரெட்டா கால்கா, ஆடம் ஸ்மித், எலிசபெத் கால்கோ மூவரும் வெளியிட்ட ஆய்வு அது. சில செடிகளைப் பகலில் மட்டும் வலை போட்டு மூடினார்கள். பறவைகள் வர முடியாது. சில செடிகளை இரவில் மட்டும் மூடினார்கள். வௌவால்கள் வர முடியாது. மூடாமல் விட்ட செடிகள் இலைப்பரப்பில் சுமார் 4 சதவிகிதத்தைப் பூச்சிகளிடம் இழந்தன. பறவைகள் வராத செடிகள் இழந்தது சுமார் 7 சதவிகிதம். வௌவால்கள் வராத செடிகளோ சுமார் 13 சதவிகிதம்!

அதுவரை இந்தப் பூச்சி ஒழிப்புப் பணிக்கான பாராட்டெல்லாம் பெரும்பாலும் பறவைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. பகலில் செடியை மூடி, மூடியதை இரவிலும் எடுக்காமல் செய்த பழைய சோதனைகளில் வௌவாலின் உழைப்பும் பறவையின் கணக்கிலேயே சேர்ந்துவிடும். இரவுப் பணிக்காரருக்குச் சம்பளச் சீட்டே இல்லாமல் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் போவது யார்?

பாரோ கொலராடோ பெரிய தீவு. அதைச் சுற்றி, அதே ஏரியில், அதே வயதுள்ள சின்னச் சின்னத் தீவுகள் நிறைய உண்டு. கிறிஸ்டோஃப் மேயரும் கால்கோவும் அப்படிப் 11 தீவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மிகச் சிறியது ஆறு ஏக்கர்தான். பெரியது சுமார் 120 ஏக்கர். கரையிலுள்ள தொடர் காட்டிலும், தீவுகளிலும் ஒரே முறையில் வலை கட்டி, இரண்டு ஆண்டுகள் இலைமூக்கு வௌவால்களைக் கணக்கெடுத்தார்கள்.

பழந்தின்னிகள் தீவுகளிலும் சமாளித்துக்கொண்டன. தண்ணீரைத் தாண்டிப் பறந்து போய் வருவது அவற்றுக்குப் பெரிய விஷயமில்லை. இலையிலிருந்து பூச்சியையும் சிற்றுயிர்களையும் பிடிக்கும் வௌவால்கள்தான் அதிகம் அடிபட்டன. அடர்ந்த காட்டுக்குள் சின்ன வட்டத்தில் வேட்டையாடும் அவை, திறந்த நீர்ப்பரப்பைக் கடக்கத் தயங்குகின்றன. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தீவு இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பட்டியல் மெலிந்தது.

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன சிக்கல் முழுதாகப் புரியும். காடு துண்டானால் முதலில் போவது குசுகுசுக்கும் பூச்சிதின்னிகள். ரெக்கார்டருக்குச் சரியாகச் சிக்காததும் அவைதான். வலை கட்டாமல் கருவியை மட்டும் தொங்கவிட்டால், அவை இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மேலே உரக்கக் கத்திப் பறக்கும் இனங்களைக் கேட்டுவிட்டு, ‘காடு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று அறிக்கை எழுதிவிட முடியும்.

வலை எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவுகளில் வலை கட்டினால் வௌவால்கள் சுதாரித்துக்கொள்ளும். எண்ணிக்கை குறையும். அதனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிலாவும் ஒரு காரணம். முழுநிலா இரவுகளில் ஜமைக்கா பழந்தின்னிகள் வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கின்றன என்பதை 1978-லேயே இந்தத் தீவில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆந்தை முதலான எதிரிகளின் கண்ணில் பட்டுவிடுவோம் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள். பௌர்ணமியில் எண்ணிவிட்டு, ‘வௌவால் குறைந்துவிட்டது’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? பல மாதம், பல பருவம், பல இடம் என்று திரும்பத் திரும்பச் செய்தால்தான் எண்ணுக்கு மதிப்பு.

நம் ஊர் இலைமூக்கு

பனாமா எங்கே, நாம் எங்கே என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலும் இலைமூக்கு வௌவால்கள் உண்டு. ஆனால், அவை வேறு குடும்பம். மூக்கில் இலை வளர்த்துக்கொள்ளும் யோசனை இரண்டு கண்டங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நம்முடைய இனங்களில் ஒன்றான ‘ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ்’, 1800-ல் தரங்கம்பாடியில் கிடைத்த வௌவாலை வைத்துத்தான் முதன்முதலில் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. 1980-களில் மதுரை காமராசர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மதுரை அருகே ஒரு குகையில் இதே இனத்தை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே தெரியாத இடத்தில் கூண்டில் இருக்கும் வௌவால்கூட, குகையில் இருக்கும் தன் கூட்டத்தோடு சேர்ந்து மாலையில் விழித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். தன்னந்தனியாக வைத்தால் அந்த நேரக்கணக்கு தவறிப்போகிறது.

கோயில் மண்டபத்திலும் பழைய கட்டடத்திலும் புழுக்கை நாற்றத்துக்காகப் புகைபோட்டு விரட்டப்படுவதும் பல நேரங்களில் இத்தகைய பூச்சிதின்னிகள்தான். பழம் எதையும் தொடாது. இரவெல்லாம் பூச்சி பிடிப்பதுதான் வேலை.

பாரோ கொலராடோவில் வேலை முடிந்ததும் பையின் வாயைத் திறந்து, வௌவாலை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார்கள். சில வௌவால்கள் உடனே பறந்துவிடும். சில ஒரு நொடி அப்படியே உட்கார்ந்து, தலையை அப்படியும் இப்படியும் திருப்பும். மூக்கு இலை லேசாகத் துடிக்கும். குரல் கொடுக்கிறது என்று அர்த்தம். கையில் வைத்திருப்பவருக்கே அது கேட்காது. அடுத்த நொடி கை காலியாக இருக்கும். நோட்டில் ஒரு வரி கூடியிருக்கும்.